யார்க்கில் கான்ட்ராக்ட் வேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தின் யார்க் நகருக்கு ஒப்பந்த வேலையில் போகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதிய கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். நானே அங்கே ஒன்பது மாத கான்ட்ராக்டுக்குப் போய், அது இரண்டு தடவை நீண்டு, இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தவள். அதனால் இந்தக் கேள்விகள் எனக்குச் சொந்தக் கேள்விகள் மாதிரி.

கேள்வி: அக்கா, வணக்கம். கணவர் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருக்கிறார், நான் டிபெண்டன்ட். யார்க்கில் ஆறு மாதத்துக்கு டேட்டா அனலிஸ்ட் வேலை கிடைத்திருக்கிறது. நாளுக்கு 300 பவுண்டு, 'இன்சைட் ஐஆர்35, அம்ப்ரெல்லா வழியாக' என்று ஏஜென்சி மெயிலில் இருக்கிறது. ஐஆர்35 என்றால் என்ன என்றும் தெரியவில்லை. மாதம் 6,000 பவுண்டுக்கு மேல் வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். சரிதானா?

பதில்: வாழ்த்துகள் தங்கச்சி. ஆனால் அந்தக் கணக்கை இன்றே திருத்திவிடுங்கள், ஏனென்றால் வாடகை வீடு பார்க்கும்போது அதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு கஷ்டம். அந்த 300 உங்கள் சம்பளம் இல்லை. அம்ப்ரெல்லா கம்பெனிக்கு, அதாவது கான்ட்ராக்ட் ஆட்களைத் தன் ஊழியராக வைத்துச் சம்பளம் போடும் நடுக் கம்பெனிக்கு, ஏஜென்சி கொடுக்கும் தொகை அது. அந்த அம்ப்ரெல்லாதான் சட்டப்படி உங்கள் முதலாளி, ஆகவே முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய நேஷனல் இன்சூரன்ஸ் (சமூகப் பாதுகாப்புக்கான பிடித்தம்) 15 சதவீதமும் அப்ரெண்டிஸ்ஷிப் லெவி (தொழில் பயிற்சிக்கான வரி) 0.5 சதவீதமும் அந்த 300-க்குள்ளிருந்தே போகும். அப்புறம் அவர்களுடைய சேவைக் கட்டணம். இதெல்லாம் போன பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் மொத்தச் சம்பளம், வருமான வரியும் உங்கள் பங்கு இன்சூரன்ஸும் அதிலிருந்து பிடிப்பார்கள்.

ஒரு வாரத்தை எடுத்துப் பார்ப்போம். ஐந்து நாள், 1,500 பவுண்டு. அம்ப்ரெல்லா கட்டணம் வாரம் 20 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். முதலாளி பங்கு எல்லாம் கழித்தால் சுமார் 1,294 உங்கள் மொத்தச் சம்பளம் ஆகும். வருடத்துக்கு 12,570 பவுண்டு வரை வரி இல்லை, 50,270 வரை 20 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம் என்ற கணக்கில் வாரத்துக்கு ஏறக்குறைய 276 வரி, இன்சூரன்ஸ் 64 அல்லது 65. கைக்கு வருவது 950-ஐ ஒட்டி. பென்ஷன் பிடித்தம் ஆரம்பித்தால் இன்னும் குறையும். ஆக மாதம் 4,000 சொச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு நாள்கூட லீவு போடாமல் இருந்தால். விடுமுறைச் சம்பளம் தனியாக வரும் என்று நினைக்க வேண்டாம், அதுவும் அந்த 1,294-க்குள்ளேயே அடங்கியிருக்கிறது. சில கம்பெனிகள் அதை வாராவாரம் சேர்த்துக் கொடுத்துவிடும், சில பிடித்துவைத்து நீங்கள் லீவு எடுக்கும்போது கொடுக்கும். எந்த முறை என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள், ஏனென்றால் பிடித்துவைத்த பணத்தைக் கேட்காமலே வேலை முடிந்து போய்விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஆறுதலும் உண்டு. அங்கே வரி வருடம் ஏப்ரல் 6-இல் தொடங்குகிறது. அக்டோபரில் சேர்ந்து, அதற்கு முன் அந்த வருடத்தில் அங்கே சம்பாதிக்கவே இல்லை என்றால், பயன்படுத்தாத வரிவிலக்கு சேர்ந்து நிற்கும், ஆரம்ப மாதங்களில் வரி குறைவாகவே பிடிபடும். அந்தக் கூடுதல் பணம் எப்போதும் வரும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

கையெழுத்துக்கு முன்னால் ஏஜென்சியிடம் 'கீ இன்ஃபர்மேஷன் டாக்குமென்ட்' கேளுங்கள். 2020 ஏப்ரலிலிருந்து அதைக் கொடுத்தே ஆக வேண்டும். எந்தப் பிடித்தம் எவ்வளவு, கடைசியில் கைக்கு எவ்வளவு என்று ஒரு மாதிரிக் கணக்கு அதில் இருக்கும். இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன்: 'எங்களிடம் வந்தால் 85, 90 சதவீதம் கைக்கு வரும்' என்று எந்த அம்ப்ரெல்லாவாவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சம்பளத்தின் ஒரு பகுதியைக் கடன் என்றோ முன்பணம் என்றோ பெயர் மாற்றிக் கொடுக்கும் வரி ஏய்ப்புத் திட்டமாகத்தான் அது இருக்கும். நாலைந்து வருடம் கழித்து வரித்துறை கடிதம் அனுப்பும்போது அந்தக் கம்பெனியே இருக்காது, நீங்கள் இருப்பீர்கள்.

ஐஆர்35 பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெயருக்குச் சொந்தக் கம்பெனி, ஆனால் வேலை செய்வதோ ஊழியர் மாதிரி என்றால், ஊழியர் மாதிரியே வரி கட்டு என்கிற விதி அது, 2000-இல் வந்தது. அரசுத் துறையில் 2017-இலிருந்தும், நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களில் 2021-இலிருந்தும் அதைத் தீர்மானிப்பது வேலை கொடுப்பவர்தான். இன்சைட், அதாவது இந்த வேலை அந்த விதிக்குள் வரும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள், ஆறு மாத வேலைக்கு அதோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அந்த நேரத்தில் ஏஜென்சியிடம் ரேட்டை 300-லிருந்து 330-க்கு ஏற்றப் பேசிப் பாருங்கள். இன்சைட் வேலைக்கு ரேட் கூட்டிக் கேட்பது அங்கே சாதாரணம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கேள்வி: நான் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் மான்செஸ்டரில் நிரந்தர வேலையில் இருக்கிறேன். யார்க்கில் நல்ல தினச் சம்பளத்துக்கு கான்ட்ராக்ட் வருகிறது. வேலையை விட்டுவிட்டுப் போகலாமா அக்கா?

பதில்: போகாதீர்கள் தம்பி. உங்கள் விசா உங்களை ஸ்பான்சர் செய்த முதலாளியோடு கட்டப்பட்டது. யார்க் நிறுவனமே ஸ்பான்சர் உரிமம் வைத்திருந்து, தன் சொந்த ஊழியராகக் குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்து, புதிய ஸ்பான்சர் சான்றிதழ் கொடுத்து, நீங்கள் விசாவுக்கு மறுபடி விண்ணப்பித்து அது கிடைத்த பிறகுதான் மாறலாம். அம்ப்ரெல்லா வழி, சொந்தக் கம்பெனி வழி எல்லாம் உங்களுக்கு இல்லை. இருக்கிற வேலையை விட்டுவிட்டால் புது ஸ்பான்சர் தேடச் சாதாரணமாக 60 நாள்தான் கிடைக்கும். முந்தைய கேள்வி கேட்ட தங்கச்சி டிபெண்டன்ட் என்பதால் அவருக்கு இந்தக் கட்டு இல்லை, அவரைப் பார்த்து நீங்கள் முடிவெடுக்க வேண்டாம்.

கேள்வி: என் மகன் படிப்பு முடித்து கிராஜுவேட் விசாவில் இருக்கிறான். யார்க்கில் எட்டு மாத வேலை. எங்கே தங்குவது, ஆற்றில் வெள்ளம் வரும் என்கிறார்களே, பழைய ஊர் என்கிறார்களே என்று எனக்கு ஒரே கவலை. அவனைக் கேட்டால் 'பார்த்துக்கலாம்மா' என்கிறான்.

பதில்: அம்மா, உங்கள் கவலையில் பாதி நியாயமானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வெள்ளம். ஊஸ், ஃபாஸ் என்று இரண்டு ஆறுகள் ஊருக்குள்ளேயே கூடுகின்றன. 2000 நவம்பரில் ஊஸ் வழக்கமான மட்டத்தைவிட 5.4 மீட்டர் உயர்ந்தது. 2015 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஃபாஸ் ஆற்றின் தடுப்புக் கதவைத் திறந்துவிட வேண்டிய நிலை வந்து நூற்றுக்கணக்கான வீடுகளில் தண்ணீர் புகுந்தது. படித்துறையை ஒட்டிய தெருக்களில் குளிர்காலத்தில் தண்ணீர் ஏறுவது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம், அங்குள்ள பப்களின் சுவரில் வெள்ளம் எந்த வருடம் எதுவரை வந்தது என்று கோடு போட்டே வைத்திருக்கிறார்கள். ஆனால் ஊரே முழுகுவதில்லை. வீட்டின் போஸ்ட்கோடை அரசின் வெள்ள அபாய இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தரைத்தள வீடாக இருந்தால் அதைப் பார்க்காமல் பையனைப் பணம் கட்டவிடாதீர்கள்.

எங்கே தங்கலாம் என்றால், கோட்டைச் சுவருக்குள் வேண்டாம் என்பேன். அழகுதான், ஆனால் வாடகை அதிகம், சனி ஞாயிறு முழுக்கச் சுற்றுலாக் கூட்டம், கார் வைக்க இடம் கிடையாது. கொஞ்சம் வெளியே, பிஷப்தோர்ப் ரோடு பக்கம் நல்ல கடைத்தெருவும் நடந்து போகும் தூரத்தில் நகரமும் இருக்கிறது, வாடகையும் அதற்கேற்ப இருக்கும். ஹோல்கேட் ரயில் நிலையத்துக்கு அருகில். இன்னும் மேற்கே அக்கோம் என்று எழுத்துக்கூட்டிப் படிக்கத் தோன்றும் ஒரு பகுதி, ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டால் நம் காதுக்கு 'ஏக்கம்' என்றே விழும். நான் இருந்தது அங்கேதான். வாடகை சற்றுக் குறைவு, பஸ் அடிக்கடி வரும், அக்கம்பக்கம் குடும்பங்கள். பல்கலைக்கழகம் இருக்கும் ஹெஸ்லிங்டன், அதை ஒட்டிய ஃபுல்ஃபோர்ட் பக்கம் மாணவர்களோடு போட்டி போட வேண்டும். செப்டம்பரில் போய்த் தேடினால் அலைச்சல்தான்.

சட்டம் இப்போது வாடகைக்காரர் பக்கம் முன்பைவிடச் சாய்ந்திருக்கிறது. 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் தனியார் வீடுகளுக்கு 'ஒரு வருடம் கட்டாயம்' என்ற ஒப்பந்தமே இல்லை, இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேறலாம். ஒரு மாதத்துக்கு மேல் வாடகையை முன்கூட்டியே கேட்கக் கூடாது. டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது, அதையும் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டத்தில் போட்டுச் சான்று தர வேண்டும். எட்டு மாத வேலைக்குப் போகும் பையனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா அம்மா, என் காலத்தில் வேலை ஒப்பந்தம் நீண்டபோதெல்லாம் வீட்டுக்காரரிடம் போய் நின்று கெஞ்ச வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் வீட்டுக்காரரோடே சேர்ந்து அறை எடுத்துத் தங்கினால் மட்டும் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடையாது, ஆனால் அதில் கவுன்சில் டாக்ஸ் (நகராட்சி வரி) தொல்லையும் இருக்காது. தனியாக வீடு எடுத்தால் கவுன்சில் டாக்ஸ் அவன் கட்ட வேண்டும், ஒருவர் மட்டும் இருப்பதால் 25 சதவீதம் தள்ளுபடி உண்டு. அது தானாக வராது, நகராட்சிக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

கையில் வீடு இல்லாமல் போய் ஹோட்டலில் இருந்து தேடுவது என்றால் ஆகஸ்ட் குதிரைப் பந்தய வாரத்தையும் டிசம்பர் கிறிஸ்துமஸ் சந்தை நாட்களையும் தவிர்க்கச் சொல்லுங்கள், அறை வாடகை ஏறிப்போய் இருக்கும். லீட்ஸில் தங்கி ரயிலில் போய் வரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அரை மணி நேரம்கூட ஆகாது, நம் ஆட்களும் கடைகளும் கோயிலும் அங்கே அதிகம். ஆனாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வேலை ஊரில் வீடு இல்லாவிட்டால் அந்த எட்டு மாதமும் பிளாட்ஃபாரத்தில் போய்விடும். மளிகைக்கு வாரம் ஒருமுறை லீட்ஸ் போய் வரட்டும், போதும்.

கேள்வி: ஆறு மாதம்தானே, எதற்கு டாக்டரிடம் பதிவு, வங்கி, சைக்கிள் எல்லாம்? சூட்கேஸைத் திறக்காமலே இருந்துவிட்டு வந்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அந்த ஊரில் முதல் வாரம் எப்படி இருக்கும்?

பதில்: நண்பர்கள் சொல்வதைத்தான் நான் முதல் மூன்று மாதம் செய்தேன், அதனால் இதில் எனக்குக் கோபமே வருகிறது. அறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். நவம்பரில் போனேன். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். வேலை, அறை, போன். ஒருநாள் காய்ச்சல் வந்தபோதுதான் எந்த டாக்டரிடமும் பதிவு செய்யவில்லை என்பதே உறைத்தது. விசாவோடு வருடத்துக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டுத்தானே போகிறீர்கள், ஜிபி எனப்படும் குடும்ப டாக்டரிடம் பதிவு செய்யக் காசு கிடையாது, முதல் வாரமே செய்யுங்கள். சைக்கிளும் வாங்குங்கள், பழையது போதும். ஊர் சமதளமானது, நகர மையத்தில் பகலில் கார் போக முடியாத தெருக்கள் நிறைய, ஊரைச் சுற்றி ஆறு இடங்களில் பார்க் அண்ட் ரைடு (காரை விட்டுவிட்டு பஸ் ஏறும்) நிலையங்கள் வைத்து வெளியூர்க் காரையெல்லாம் அங்கேயே நிறுத்த வைக்கும் ஊர் அது.

வழி குழப்பும். கேட் என்று முடிந்தால் அது தெரு, வாசல் இல்லை. வைக்கிங்குகள் 866-இல் ஊரைப் பிடித்து யோர்விக் என்று ஆண்டபோது அவர்கள் பேச்சில் தெருவுக்கு 'காட்டா', அது கேட் ஆகிவிட்டது. ஸ்டோன்கேட், கூட்ராம்கேட் எல்லாம் தெருக்கள். உண்மையான கோட்டை வாசலுக்குப் பெயர் பார்: மிக்கிள்கேட் பார், பூத்தம் பார், மாங்க் பார், வால்ம்கேட் பார். எனக்கு அலுவலகத்தில் 'மாங்க் பாரில் சந்திப்போம்' என்று மெசேஜ் வந்தபோது நான் போனில் மதுக்கடை தேடிக்கொண்டு இருந்தேன்.

அதேபோல 'டீ'. யார்க்ஷயரில் பலருக்கு டீ என்றால் சாயங்காலச் சாப்பாடு. ஒரு சக ஊழியர் குடும்பத்தோடு டீக்கு அழைத்தார், நான் வீட்டிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஒரு கப் டீ குடிக்கப் போனேன், மேசையில் பெரிய விருந்து. உங்களுக்குச் சைவம் என்றால் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள், அவர்கள் அதைச் சங்கடமாக எடுத்துக்கொள்வதில்லை. கடையில் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் 'லவ்' என்று கூப்பிடுவார்கள், நம் ஊரில் கடைக்காரர் 'வாம்மா' என்பதுபோல, அவ்வளவுதான். அலுவலகத்தில் எழுந்து டீ போடப் போனால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் வேண்டுமா என்று கேளுங்கள். கான்ட்ராக்ட் ஆள் என்பதால் யாரும் உங்களைத் தேடி வந்து பேச மாட்டார்கள், நிரந்தர ஊழியர்களுக்கு நீங்கள் ஆறு மாதத்தில் போய்விடுவீர்கள் என்று தெரியும். அந்த ஒரு கப் டீதான் நீங்கள் கதவைத் தட்டும் வழி.

அப்புறம் அந்த ஊர் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள். கி.பி. 71-இல் ரோமானியர்கள் எபொராகம் என்று கட்டிய படைமுகாம் அது, 306-இல் கான்ஸ்டன்டைனைப் படைவீரர்கள் பேரரசராக அறிவித்ததும் அங்கேதான். மின்ஸ்டர் பேராலயத்தை ஏறக்குறைய 250 வருடம் கட்டி 1472-இல் முடித்தார்கள். அதன் கிழக்கு ஜன்னலின் வண்ணக் கண்ணாடி 1405-லிருந்து 1408-க்குள் செய்தது. வேலை முடிந்து சாயங்கால வழிபாட்டுக்குப் போய் உட்கார்ந்தால் டிக்கெட் கிடையாது, பாடகர் குழுவின் குரல் மேலே போய்த் திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டே அன்றைய மீட்டிங் எல்லாம் மறந்துவிடலாம், மதம் யாரும் கேட்பதில்லை. கோட்டைச் சுவர் மேல் நடக்கவும் காசில்லை, சுமார் 3.4 கிலோமீட்டர், இருட்டினால் பூட்டிவிடுவார்கள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ரயில்வே மியூசியம், நீராவி எஞ்சின்களில் 1938-இல் மணிக்கு 126 மைல் ஓடிச் சாதனை படைத்த மல்லார்ட் அங்கே நிற்கிறது, தொட்டுவிடும் தூரத்தில். சூட்கேஸைத் திறக்காதவர் இதில் எதைப் பார்ப்பார்?

கேள்வி: முதல் சம்பளத்தில் வரி கொத்தாகப் பிடித்துவிட்டார்கள். பேஸ்லிப்பில் வரிக் கோட் 0டி என்று இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்று இல்லை. உங்களைப் பற்றிய விவரம் வராததால் வரிவிலக்கே கொடுக்காமல் பிடித்திருக்கிறார்கள். பழைய வேலையின் பி45 (வேலையை விடும்போது கொடுக்கும் சம்பள, வரிச் சான்று) இல்லாதவர்கள் 'ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட்' என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். ஏப்ரல் 6-க்குப் பிறகு இதுதான் முதல் வேலை என்றால் அதில் ஏ என்ற வாக்கியத்தைக் குறிக்க வேண்டும். எனக்கும் இரண்டு மாதம் இப்படிப் போனது, அந்தப் படிவம் எனக்கு வரவே இல்லை, கேட்க வேண்டும் என்றும் தெரியவில்லை. வரித்துறையின் ஆன்லைன் கணக்கில் புகுந்து வேலை விவரத்தைச் சரிசெய்யுங்கள் அல்லது போன் செய்யுங்கள். கோட் முழு வரிவிலக்கு தரும் 1257எல் ஆனதும் கூடுதலாகப் பிடித்தது அடுத்த சம்பளத்திலேயே திரும்பிவிடும். நேஷனல் இன்சூரன்ஸ் எண் இன்னும் வராவிட்டாலும் வேலை செய்யலாம், விண்ணப்பித்திருந்தால் போதும். விசா உரிமையை ஆன்லைனில் காட்டுவதற்கான ஷேர் கோடு இருக்கிறதே, வேலைக்குக் காட்டுவதும் வீட்டுக்குக் காட்டுவதும் வேறுவேறு, இரண்டும் 90 நாள்தான் செல்லும், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஆறு மாதம் என்று எழுதியிருந்தாலும் 'ஒரு வார நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம்' என்று கீழே ஒரு வரி இருக்கிறது அக்கா. பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டாம், ஆனால் நம்பவும் வேண்டாம். நிறைய கான்ட்ராக்டுகளில் அந்த வரி இருக்கும், உண்மையில் அதைப் பயன்படுத்துவதும் உண்டு. அதனால் முதல் இரண்டு சம்பளத்திலிருந்தே இரண்டு மாத வாடகையை ஒதுக்கி வையுங்கள், கிறிஸ்துமஸுக்கு அலுவலகம் பத்து நாள் மூடினால் உங்களுக்குச் சம்பளம் இல்லை என்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள். ஏஜென்சி வழியாகப் போனவர்களுக்கு ஒரே இடத்தில் 12 வாரம் முடிந்ததும் அங்குள்ள நிரந்தர ஊழியருக்கு இணையான அடிப்படைச் சம்பளமும் விடுமுறையும் கேட்க உரிமை வருகிறது, பதிமூன்றாவது வாரம் அதை விசாரியுங்கள். நீட்டிப்பு பற்றி மேலாளர் தானாக வந்து சொல்வார் என்று காத்திருக்காதீர்கள், முடிவதற்கு ஆறு வாரம் முன்பே நேராகக் கேளுங்கள். எனக்கு இரண்டு முறை நீண்டதும் நான் கேட்டதால்தான். கிளம்பும் நாள் வந்தால் மின்சார, கேஸ் மீட்டரையும் காலி அறைகளையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள், டெபாசிட் திரும்ப வாங்க அது வேண்டும். கவுன்சில் டாக்ஸைக் கணக்கு முடிக்கச் சொல்லுங்கள். கம்பெனியிடமிருந்து பி45 வாங்காமல் வராதீர்கள், அடுத்த ஊரில் முதல் நாளே அதைத்தான் கேட்பார்கள்.